மேடம் என்று கூப்பிட்டவர்

அன்புள்ள ஆத்தாவுக்கு முத்துப்பிரியா எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. ரிமோட் கார்களை வளைவில் சறுக்கி ஓட்டுவதற்கேற்ப மாற்றித் தருவதுதானே பெங்களூரில் என் வேலை? நேற்று ஒருவர் தன் கார் சறுக்கவே மாட்டேன் என்கிறது என்று கொண்டுவந்தார். தரையைக் கவ்விய ரப்பர் டயரைக் கழற்றி, வழுக்கும் பிளாஸ்டிக் டயர் போட்டேன். முன்சக்கரங்களை இன்னும் கூடுதலாகத் திரும்ப வைத்தேன். வளைவு முழுக்க வாலை வீசிக்கொண்டு போனது.

"சூப்பர் மேடம், எந்த ஊரு நீங்க?" என்றார்.

போடி என்றேன். அவருக்கும் போடிதானாம். நீ காய் எடுக்கும் ஏலத்தோட்டத்து முதலாளியின் மகன், ஜெகதீஷ். யார் மகள் என்று கேட்டார், சொன்னேன்.

"அட, நம்ம தோட்டத்து மொக்கம்மா மகளா நீயி? இந்தக் காரக் கொண்டாந்து என் வண்டி டிக்கியில வையி புள்ள."

கடையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொண்டுபோய் வைத்தேன்.

இங்கே குளிர் அதிகம், பழைய சுவெட்டரை அனுப்பு. காலையில் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் ஏறிய பிறகு போன் பண்ணு, கூட வருகிறவர்கள் பேசுவதும் கேட்கும்.

கடை திறந்துவிட்டார்கள், முடிக்கிறேன். ஜெகதீஷ் தோட்டத்துக்கு வந்து என்னைப் பற்றிப் பேசினால் கேட்டுக்கொள். கையெடுத்துக் கும்பிட மட்டும் செய்யாதே, ஆத்தா.