இடுப்பில் ஒரு கனம்

ஜனவரி 12
துப்பாக்கி உரிமம் வந்துவிட்டது. கண்மாய் மண் திருட்டைப் பத்திரிகையில் எழுதியதற்காக எப்போதும்வென்றான் ஊர்ச் சாலையில் ஒரு லாரி என் பைக்கைக் கரிசலுக்குள் தள்ளியது போன சித்திரையில். மார்ச்சில் மண் திருட்டு வழக்கு விசாரணை. நான் இரண்டாம் சாட்சி. மண் அள்ளிய லாரிகளைக் கண்ணால் கண்ட, ஆடு மேய்க்கும் பாலம்மாள் முதல் சாட்சி; அவள் கூண்டேறாவிட்டால் வழக்கே இல்லை.
மனைவி சபிதா சொன்னது: “வாங்குங்க. வீட்டுல எங்கன இருக்கும்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்.”

ஜனவரி 19
மதுரையில் துப்பாக்கிக் கடை. கடைக்காரர் உச்சிமாகாளி முதலில் கேட்டது: “வேட்டியா, பேண்டா அண்ணாச்சி?”
வேட்டி என்றேன்.
“அப்பம் பச்சை பெல்ட்டுதான். சட்டையை வெளிய விட்டுக்கிடணும்.”
பிஸ்டல் தட்டை, வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் மேல்பகுதியைப் பின்னால் இழுக்க வேண்டும், பூட்டை விடுவிக்க வேண்டும் என்று வேலை அதிகம். ரிவால்வர் புடைக்கும், விசையை இழுத்தால் போதும். “பதறும்போது கைக்கு ஞாபகம் இருக்காது. வேலை கொறஞ்சதை எடுங்க” என்றார்.
இரண்டையும் மாற்றி மாற்றி ஏந்தினேன். முப்பது வருடம் கொலைச் செய்தி எழுதியிருக்கிறேன். இதன் எடையை ஒருமுறைகூட எழுதியதில்லை.

ஜனவரி 20
முடிவெடுக்கவில்லை. உள்ளங்கையில் இன்னும் அது இருப்பது போல.

ஜனவரி 28
ரிவால்வர்தான். பயிற்சி மைதானத்தில் முதல் குண்டு. விரல் அசைந்ததா என்றே தெரியவில்லை. எதிரே மண்மேட்டில் புழுதி எழுந்துவிட்டது. ஒரு மனிதன் கையில் இவ்வளவு கொடுக்கலாமா?
“கண்ணை மூடுதீங்க அண்ணாச்சி” என்றார் பயிற்சியாளர். மூடியது எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 6
பாலம்மாளைப் பார்க்கப் போனேன். ஆடுகள் பருத்திமார்க் குச்சிகளைக் கடித்துக்கொண்டிருந்தன. அவளுக்கு எதிரே தரையில் சம்மணமிட்டதும் சட்டை தூக்கிக்கொண்டது.
“இடுப்புல என்ன, வெத்திலைப் பெட்டியா?”
மறைக்கத் தெரியவில்லை. சொன்னேன்.
“இம்புட்டு நாளா லாரிக்காரனுவ சும்மா மிரட்டுதானுவன்னு நெனச்சேன். நீங்களே இதைச் சொருகிட்டு அலையுதீகன்னா, நெசந்தான் போல.”
“கோர்ட்டுக்கு வருவீங்கல்லா?”
“யோசிக்கணும் அண்ணாச்சி. நான் எதைச் சொருக?”

பிப்ரவரி 7
யார் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று அவ்வளவு பார்த்து வாங்கினேன். அந்தப் பட்டியலில் பாலம்மாள் இல்லவே இல்லை. என்ன செஞ்சி வச்சிருக்கேன் நான்?

மார்ச் 3
தேர்தல் அறிவிப்பு. உரிமத் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். வாங்கி வைத்த ஏட்டு சிரித்தார்: “ஓட்டு எண்ணுத வரைக்கும் ஓடித்தான் தப்பிக்கணும்.” வெளியே வந்தபோது முதுகு முழுக்கத் திறந்து கிடப்பது போல் இருந்தது.

மார்ச் 11
பாலம்மாளிடம் போனேன்.
“எங்க அது?”
“ஸ்டேஷன்ல.”
“பயமா இல்லையா?”
“இருக்கு. பஸ்ஸுல வரும்போது ரெண்டு தடவ திரும்பிப் பாத்தேன்.”
“ரெண்டு தடவதானா?” என்றாள். ஆட்டை அதட்டினாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மார்ச் 24
வந்தாள். தனியாக, டவுன் பஸ்ஸில். லாரிக்காரர்கள் வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். “கொஞ்சம் தள்ளுங்கய்யா” என்று அவர்கள் நடுவிலேயே நடந்தாள். கூண்டேறினாள். கையை நீட்டி, லாரியில் வந்த ஆளைக் காட்டினாள். குரல் பிசிறவில்லை.
எத்தனையோ கோர்ட் பார்த்தவன். இன்று என் பேனா ஓடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மே 19
தேர்தல் முடிந்துவிட்டது, துப்பாக்கியை எடுத்துக்கொள்ளச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து இரண்டாம் முறை போன். தீர்ப்பு இன்னும் வரவில்லை, பயமும் போகவில்லை. அடுத்த வாரம் வாரேன் என்றேன்.
பாலம்மாள் ஊரில் இன்னும் மூன்று பேருக்கு மண் திருட்டைப் பற்றி என்னிடம் பேச வேண்டுமாம். போனேன். பத்திரிகையில் பேர் போடலாமா என்று கேட்டேன்.
“அவ பேரைப் போட்டீகள்லா,” என்றார் மாரிச்சாமி, மூவரில் மூத்தவர். “அதுக்குக் கீழ எங்க பேரையும் போடுங்க.”