மச்சம் போன விரல்

ஜூன் 3, திங்கள்

மில் கதவை மூடி இரண்டு மாதம் ஆயிற்று. இன்று, கூட வேலை பார்த்த தவசிமுத்து போன் பண்ணினான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பேண்டேஜ் கம்பெனிக்குப் பிட்டர் வேணுமாம். ரெஸ்யூம் கொண்டு போகணுமாம். இதுவும் இல்லையென்றால் மாசக் கடைசியில் மச்சினனோடு திருப்பூர்தான். ஐம்பத்துமூணு வயசில் ரூம் எடுத்துத் தங்கிச் சமைக்கப் பழகணும்.

எனக்குத் தெரிந்த பயோடேட்டா கல்யாணத் தரகரிடம் கொடுப்பது ஒன்றுதான். அதே போல எழுதினேன். நட்சத்திரம் கேட்டை, ராசி விருச்சிகம், நிறம் மாநிறம். மகள் மாரிக்கனி வாசித்துவிட்டு, "ஏம்ப்பா, அம்மா இருக்கும்போதே இன்னொருத்தியப் பாக்கீயளா?" என்றாள். அடுப்படியிலிருந்து பாண்டிசெல்வி, "பாக்கட்டும்ட்டி. எவ வாரான்னு நானும் பாக்கேன்."

ஜூன் 4

பிறந்த தேதி வேண்டாம் என்கிறாள் மகள். நரைத்த தலைமுடியை என்ன செய்ய?

ஜூன் 6, வியாழன்

பெட்டியைக் கிளறி என் பத்தாம் வகுப்பு டி.சி.யை எடுத்தேன். அதில் இருந்ததையெல்லாம் பார்த்து ஒழுங்காக எழுதிக் கொடுத்தேன். மாரிக்கனி லேப்டாப்பில் அடித்துக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள்.

"அங்க அடையாளம், வலது கை சுட்டு விரலில் ஒரு மச்சம். அப்பா, அந்த விரல் எங்கப்பா?"

2009-ல் மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் மிஷின் கொண்டுபோன விரல். மச்சமும் கூடவே போயிற்று. பதினைந்து வருஷமாகக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பேனாவைப் பிடிக்கிறேன். இதையும் அப்படித்தான் எழுதினேன். எழுதும்போது தோன்றவில்லையே! மூவரும் சிரித்தோம்.

ஜூன் 7

மச்சத்தை எடுத்தாயிற்று. விரல் இல்லாததை எழுதவா, வேண்டாமா?

"எழுதாதீங்கப்பா. கூப்பிடவே மாட்டாங்க" என்கிறாள் மகள். படித்தவள், சரியாகத்தான் இருக்கும். "போனா கையப் பாக்கத்தான செய்வாவ?" என்கிறாள் பாண்டிசெல்வி. படிக்காதவள், அதுவும் சரியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

போன மாதம் ஆலங்குளம் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போனபோது கையைப் பைலுக்கு அடியில் வைத்துக்கொண்டே பேசினேன். நல்லாத்தான் பேசினார்கள். கடைசியில் கையெழுத்துக் கேட்டார்கள். பேனாவைப் பிடித்ததும் அந்த ஆள் கள்ளனைப் பிடித்த மாதிரி பார்த்தார். அந்தப் பார்வை இன்னொரு தடவை வேண்டாம். எனக்கு அலுத்துப்போச்சு.

ராசி, நிறம், சாதி, பொழுதுபோக்கு எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன். பொழுதுபோக்கு என்று எனக்கு இருப்பது தூக்கம் ஒன்றுதான். சொந்த விவரத்தில் ஒரே வரி: வலது கை சுட்டு விரல் இல்லை, அதன் பிறகு அதே மிஷினில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தேன்.

மாரிக்கனி அந்த வரியை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். பொறவு அடித்தாள்.

ஜூன் 10, திங்கள்

பேண்டேஜ் கம்பெனி மேனேஜர் ஜோயல் சாருக்கு முப்பது வயசு இருக்கும். ரெஸ்யூமை வாசித்துக்கொண்டே அந்த வரியில் வந்து நின்றார்.

"எப்படிப் போச்சு?"

"என் தப்புத்தான் சார். மிஷின் ஓடும்போதே மூடியத் திறந்து பஞ்ச எடுத்தேன்."

"பொறவு?"

"பொறவு என் கண்ணு முன்னால எவனையும் அப்படித் திறக்க விட்டதில்ல சார். ஏசிருவேன்."

அவர் சிரிக்கவில்லை. சொல்லி அனுப்புகிறோம் என்றார். ஆலங்குளத்திலும் இதைத்தான் சொன்னார்கள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அதுவரைக்கும் லாபம்.

ஜூன் 15

போன் வரவில்லை. பாண்டிசெல்வி திருப்பூருக்கு ஊறுகாய் போட்டு வைத்துவிட்டாள்.

ஜூன் 24, திங்கள்

பேண்டேஜ் கம்பெனியில் முதல் நாள். ஐ.டி. கார்டுக்கு விவரம் எழுதினார்கள். ஆபீஸில் இருக்கிற பெண்பிள்ளை, "அங்க அடையாளம் ஒண்ணு சொல்லுங்க அண்ணாச்சி. மச்சம், தழும்பு எதுனாலும்" என்றாள்.

"வலது கை சுட்டு விரல் இல்லன்னு எழுது தாயி."

அவள் பேனா தயங்கியது. "அப்படியேவா எழுத?"

"அப்படியே எழுது. மச்சத்தத்தான் தொலைச்சிட்டேன். இது எங்க போயிரும்?"

மதியம் அந்த ஊறுகாயைத்தான் தொட்டுச் சாப்பிட்டேன். சாயங்காலம் மச்சினனுக்குப் போன் போடணும்.