கட்டத்துக்குள் மறைந்த ‘அல்ல’

அனுப்புநர்:
திருமதி ஷர்மினி சுகுமாரன்,
புந்தோங், ஈப்போ, பேராக்.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
பாலர் பள்ளி உணவுத் தகவல் பிரிவு, ஈப்போ.

பொருள்: தங்கள் இணையப் பக்கக் கட்டங்களில் தமிழ் வாக்கியம் பாதியில் மறைவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவைச் சம்பவம் நடந்த அன்றே எழுதியிருக்க வேண்டும். அன்று நான் வேறொருவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

1. என் மகள் கவிஷாவுக்கு வயது நான்கு. நிலக்கடலை அவள் உடம்புக்கு ஆகாது. நானும் கணவரும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவதால், அவளைப் பாலர் பள்ளிக்கு அனுப்பி வந்தவர் கணவரின் அத்தை முத்தம்மா. அவருக்குப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டுமே. தினமும் கைத்தொலைபேசியில் தங்கள் பக்கத்தைப் பார்ப்பார். ஆகாத உணவென்றால் வீட்டிலிருந்து கட்டிக் கொடுப்பார்.

2. சென்ற மாதம் ஒரு நாள் உணவு, குழம்பு ஊற்றிய நூடுல்ஸான மீ ரெபுஸ். குழம்பில் அரைத்த நிலக்கடலை உண்டு. “நிலக்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு ஏற்றது அல்ல” என்று எழுதியிருந்தீர்கள். அத்தையின் கைத்தொலைபேசித் திரையில் தெரிந்தது ‘ஏற்றது’ வரைதான். மதியத்துக்குள் என் மகள் முகம் வீங்கி, மூச்சுத் திணறி மருத்துவமனையில் கிடந்தாள். இப்போது நலம்.

3. அன்று என் கணவர், “தமிழ் படிக்கத் தெரியும்னுதானே சொன்னீங்க, இதக்கூட ஒழுங்கா பார்க்கலயா லா?” என்று கேட்டுவிட்டார். “ஏத்ததுன்னுதான்யா போட்டிருந்துச்சு” என்றார் அத்தை. நான் மடிக்கணினியில் அதே பக்கத்தைத் திறந்து ‘அல்ல’ என்ற சொல்லை அவருக்குக் காட்டினேன். மறுநாள் அவர் தம் ஊரான சிலிம் ரிவருக்குப் பேருந்து ஏறிவிட்டார்.

4. சென்ற வாரம் அப்பக்கத்தை என் கைத்தொலைபேசியில் பார்த்தபோதுதான் விளங்கியது. கட்டத்தின் உயரம் இரண்டு வரிக்கு மட்டும் நிலையாக வைக்கப்பட்டு, குறுகிய கைத்தொலைபேசித் திரையில் மூன்றாம் வரிக்குப் போவது மறையும்படி அமைக்கப்பட்டுள்ளது. மலாய் மொழியில் மறுப்புச் சொல்லான ‘திடாக்’ முன்னாலேயே வந்துவிடுகிறது. தமிழில் மறுப்பு கடைசியில் வரும். கட்டம் அதைத்தான் விழுங்குகிறது. யாரும் வேண்டுமென்று செய்திருக்கமாட்டார்கள். கல்லூரியில் இணைய வடிவமைப்பு படித்த எனக்கே அன்று தோன்றவில்லையே.

5. ஆகவே, எழுத்துக்கு ஏற்றபடி கட்டம் விரியுமாறு உடனே திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு பிள்ளைக்கு இது நடக்கக் கூடாது.

6. மற்றொன்று. அத்தை படித்தது சரியே என்று தங்கள் அலுவலகத்தின் பெயரில், தமிழில், ஒரு கடிதம் தந்து உதவ வேண்டும். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். “பரவால்லம்மா, என் கண்ணுதான் மங்கிப்போச்சு” என்கிறார். நான் சொல்வதை அவர் நம்பவில்லை. அவர் கண்ணில் கோளாறு ஏதுமில்லை, ஐயா. தாங்கள் எழுதினால் நம்புவார்.

அக்கடிதத்தை எதிர்பார்த்து,

ஷர்மினி சுகுமாரன்
(கையொப்பம்)

இடம்: ஈப்போ
நாள்: 14 ஜூலை 2025