ஒரு சாண் மேலே போட்ட கோடு

அன்புள்ள என் வாயாடி மகளுக்கு, அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் உடம்பளவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். அப்பா அணைக்கட்டு அதிகாரி என்று தோழிகளிடம் அளந்து வைத்திருக்கிறாயாமே, அம்மா சொன்னாள். சின்ன ஏரி, தண்ணீர் திறக்கிற மதகில் ஐந்து பலகை, அதைச் செருகி உருவுகிற ஆள் என்று உள்ளதைச் சொல்லிவிடு, அந்த வேலையும் இந்த வாரத்தோடு போய்விடும்.

இங்கே வெள்ளம் வந்தது உனக்குத் தெரியும், எப்படி வந்தது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அணைச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு உண்டே, தண்ணீர் அதைத் தொட்டால் இரண்டு பலகையை உருவ வேண்டும், அந்தக் கோடுதான் நான் படித்த படிப்பு, தண்ணீர் மட்டம் காட்டுகிற எண் போட்ட கம்பத்தை என்றைக்கு நான் பார்த்தேன். கோடையில் உன் மாமா சுவருக்குப் புதுப் பூச்சு பூசி, படியையும் எடுத்துக் கட்டினான், கோடு பூச்சுக்குள் போய்விட்டது. கடைசிப் படியில் நின்றால் அது என் இடுப்புக்கு நேராக இருக்கும், அதனால் இறங்கி நின்று இங்கே போடு என்று காட்டினேன். அத்தான், படி இப்ப முன்னைவிட ஒசந்திருக்கு, அளந்து பாத்துடலாமே என்றான். என் இடுப்பு எங்க இருக்குன்னு நீ எனக்குச் சொல்லித் தர்றியாடா என்றேன், வேலையாட்கள் எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்துவிட்டு நான் காட்டிய இடத்திலேயே கோட்டைப் போட்டான்.

செவ்வாய்க்கிழமை மழை பிடித்துக்கொண்டது. நான் போய்ப் போய்க் கோட்டைப் பார்த்தேன், தண்ணீர் தொடவில்லை, தெம்பாகத் திரும்பி வந்தேன். மத்தியானம் பார்த்தால் கோட்டைத் தொடுவதற்கு முன்னாலேயே சுவர் தாழ்ந்திருக்கிற கோடியில் தண்ணீர் தாண்டி வழிகிறது. பயத்தில் ஐந்து பலகையையும் உருவிவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டியது ஒரே மூச்சில் கீழ்த்தெருவுக்குள் புகுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. தையல்காரம்மாவின் மூன்று மிஷினும் சேற்றில் கிடக்கின்றன, மாமா வீட்டில் ஒரு பக்கம் சுவரே இல்லை.

இன்ஜினியர் அளந்து பார்த்துவிட்டு, கோடு ஒரு சாண் மேலே இருக்கிறதே, யார் போட்டது என்று கேட்டார். மாமா என் முகத்தைப் பார்த்தான். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற உன் அப்பா, பலகையைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அக்காவை நினைத்தானோ என்னவோ, நான்தான் சார் என்று அவனே சொல்லிவிட்டான். இனி இன்ஜினியர் ஆபீஸில் அவனுக்கு ஒரு செங்கல் வேலைகூடக் கிடையாதாம். அம்மாவுக்கு எதுவும் தெரியாது, தம்பிக்கு இவ்வளவு அலட்சியமா என்று அவனைத்தான் திட்டுகிறாள், அதைக் கேட்டுக்கொண்டே அவள் போடுகிற சோற்றை நாலு நாளாகத் தின்கிறேன்.

நாளைக் காலையில் இன்ஜினியரிடம் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன். முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும், வாயைத் திறந்தால் வேடிக்கைப் பேச்சுதான் வருகிறது, அதனால் உனக்கு எழுதிப் பழகுகிறேன். சொன்னால் வேலையோடு அணைக்காரனுக்குக் கொடுத்த இந்த வீடும் போகும். சொல்லி மாமாவின் சுவர் எழுந்து நிற்கப்போவதும் இல்லை. உன்னிடம் யாராவது அளந்து பார்க்கலாம் என்றால் சிரிக்காதே கண்ணு, அளக்க விடு.

நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நீ நிறைவாக இரு. மறக்காதே, இனிமேல் கடிதத்தை மாமா வீட்டு விலாசத்துக்கே போடு. எங்களை வாசற்படி ஏற விடுவானா தெரியாது, உன் கடிதத்தை வாங்கி வைப்பான்.

இப்படிக்கு,
உன் அப்பா