கழிப்பறைச் சாவிக்கு ஒரு கையெழுத்து

அன்புள்ள வாயாடிக்கு,

உன் லாரிக்காரன் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். நீ அங்கே நலமில்லை என்று தெரிந்த பிறகு, நலமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்க மாட்டேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நேற்று போனில் நான் கத்தினேன், நீ அழுதாய். அப்புறம், "சரி, மாத்திரையை நிறுத்திடறேன், விடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் கத்தியது உன்மேல் இல்லை. ஆனால் காதில் வாங்கியது நீதான். காகிதத்தில் எனக்குக் கத்தத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். துறைமுகத்துக்கு வெளியே சரக்கு இறக்க வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் நாற்பது வண்டி. நம் லாரி ஸ்டாண்ட் மொட்டை தன் சரக்கை இறக்கிவிட்டான், நாளைக் காலை ஊர்ப்பக்கம் வண்டி எடுக்கிறான். அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். திங்கட்கிழமை அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதை ஒருமுறை முழுதாகப் படித்துவிடு.

முதலில் உன் சோடாபுட்டி மேனேஜர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு அவன் என்ன சொன்னான்? "கஸ்டமருக்குக் கண்ணாடி மாட்டி விடறப்ப உங்க முகம் ரொம்பப் பக்கத்துல வருது. தாடையைக் கொஞ்சம் கவனிச்சுக்குங்க, சிலர் பார்க்கறாங்க" என்று சொன்னான். நீ வேலை செய்வது மூக்குக்கண்ணாடிக் கடையில். நாலு சுவரிலும் முகம் பார்க்கிற கண்ணாடி, தலைக்கு மேலே வெள்ளை வெள்ளையாக விளக்கு. உன் முகத்தில் பரு இருப்பதையும் தாடையில் முடி இருப்பதையும் உனக்கு இவன் வந்து காட்ட வேண்டுமா? அவன் சொல்கிற வரைக்கும் உனக்குத் தெரியாமலா இருந்தது?

அடுத்த வாரமே நீ டாக்டரம்மாவிடம் போனாய். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டாம் முறை நானும் கூட வந்தேன். ஆண்களுக்கு அதிகமாகச் சுரக்கிற ஹார்மோன் எல்லாப் பெண்கள் உடம்பிலும் கொஞ்சம் இருக்கும், உனக்கு அது கொஞ்சம் கூடுதல், அதனால்தான் முகத்தில் முடியும் பருவும், தலையில் முடி கொட்டுவதும் என்று பொறுமையாகச் சொன்னார். அந்த ஹார்மோனின் வேலையைத் தடுக்கத்தான் இந்த மாத்திரை. ஆறு மாதம் பொறுக்கச் சொன்னார். பொறுத்தோம். முதலில் பரு அடங்கியது. அப்புறம் சீப்பில் வருகிற முடி குறைந்தது. தாடை முடி மெல்ல மெல்ல மெலிந்தது. ஒருநாள் நீ வீடியோவில் பேசும்போது, முகத்தில் வெளிச்சம் விழும்படி நீயாகவே ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாய். அன்றைக்கு முழுக்க நான் பாட்டுப் பாடிக்கொண்டே வண்டி ஓட்டினேன், பின்னால் வந்தவன் ஹாரன் அடித்ததுகூடக் காதில் விழவில்லை.

இந்த மாத்திரை பிரஷர்காரர்களுக்கும், உடம்பில் தேங்குகிற நீரை இறக்கவும் டாக்டர்கள் முதலில் கொடுத்துவந்ததுதான். போட்டால் அடிக்கடி சிறுநீர் போகும் என்று டாக்டரம்மா அன்றைக்கே சொன்னார். போன மாதம் அளவைக் கூட்டியபோதும் சொன்னார். அதை நீ மேனேஜரிடம் சொன்னாய். சொல்லியும்தான் இந்தக் கூத்து. முகத்தைச் சரிசெய் என்றவனும் அவனே, சரிசெய்தால் இடத்தைவிட்டு எழாதே என்கிறவனும் அவனே. அவனுக்கு வழவழவென்று முகம் வேண்டும், மூத்திரப்பை வேண்டாம். அப்படி ஒரு பொம்மையைத் துணிக்கடை வாசலில் நிறுத்தியிருப்பார்கள், போய் வாங்கி வந்து நிறுத்திக்கொள்ளச் சொல்.

கழிப்பறைச் சாவியை டிராயரில் வைத்துப் பூட்டுகிறானாமே! யாராவது அவனிடம் தங்கம் கொடுத்து வைத்தார்களா? அந்தச் சாவியில் ஒரு மரக்கட்டையை வேறு கட்டி வைத்திருக்கிறான். கடை நிறைய ஆள் இருக்கும்போது நீ அந்தக் கட்டையைத் தூக்கிக்கொண்டு நடுவில் நடக்க வேண்டும். போன நேரம், வந்த நேரம் நோட்டில் எழுத வேண்டும். அதுவும் போதாமல் இப்போது இந்தத் தாள். ஒரு ஷிஃப்டில் இரண்டு முறைக்கு மேல் கவுன்டரை விட்டுப் போக மாட்டேன், மீறினால் நானாகவே வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன். நானாகவேவாம்! எழுதினது அவன், டைப் அடித்தது அவன், விலகுவது மட்டும் நீயாகவே.

என்னை எடுத்துக்கொள். இத்தனை வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். வேலி, மரம், மதில் என்று நான் விட்டுவைத்தது எதுவும் இல்லை. வெட்கமில்லாமல் எழுதுகிறேன். எந்த முதலாளியாவது அதற்கு ஒரு நோட்டுப் போட்டானா?

நீ என்ன செய்தாய்? காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலைக்குப் போக ஆரம்பித்தாய். மூன்று மணிக்கு ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாட்டும்போது தலை சுற்றி அவர் தோளையே பிடித்துக்கொண்டாய். "புதுக் கண்ணாடி போட்டது நானு, தலை சுத்துறது உனக்கா?" என்று அவர் கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேதான் கத்தினேன். அவர் தோள் இல்லாவிட்டால் அந்தக் கண்ணாடி அலமாரிமேல்தானே விழுந்திருப்பாய்?

அம்மா விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். முந்தாநாள் எனக்குப் போன் செய்தாள். பிள்ளை தங்காமல் இருக்க நீ ஏதோ மருந்து சாப்பிடுகிறாய் என்றாள். மாத்திரை அட்டையைத் தலையணைக்கு அடியில் பார்த்தாளாம். அதை ஏன் அங்கே ஒளிக்கிறாய்? அலமாரியில் நாலு பேர் பார்க்க வை. அம்மாவிடம் நான் சொல்லிவிட்டேன். இந்த மாத்திரை சாப்பிடும்போது கரு உண்டானால் குழந்தைக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதை நானும் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டேன், இரண்டு பேரும் பேசித்தான் தள்ளிப்போட்டோம், வேண்டும்போது டாக்டரைக் கேட்டு நிறுத்திவிட்டு அவர் சொல்கிறவரை பொறுத்திருந்து பெற்றுக்கொள்வோம், இனிமேல் கேட்பதானால் என்னிடம் கேள் என்றேன். "நல்லா பொண்டாட்டிதாசன் ஆயிட்டே" என்றாள். ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

இன்று காலை நடந்ததைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நான் மனுஷனில்லை.

தண்ணீர் குடிக்காமல் அந்த மாத்திரையைப் போட்டால் என்ன ஆகும், திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்க இங்கே ஒரு மருந்துக் கடைக்குப் போனேன். ஸ்பைரனோலாக்டோன். போகிற வழியெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஹார்ட்டுக்கா, பிரஷருக்கா?" என்றார். எனக்கில்லை, என் மனைவிக்கு என்றேன். வயது கேட்டார், முப்பத்தொன்று என்றேன். "அந்த வயசுல ஹார்ட்டா?" என்று அவர் பதற, நானும் பதறிப்போய், "ஹார்ட் இல்லைங்க, முகத்துல முடிக்கு" என்றேன். என் தொண்டை இன்ஜின் சத்தத்துக்குமேல் பேசிப் பழகிய தொண்டை. வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் தன் மீசையைத் தடவிக்கொண்டு பக்கத்திலிருந்தவனைப் பார்த்துச் சிரித்தான். அவனை ஓர் அறை விட வேண்டும்போல் இருந்தது. ஆனால் முன்பின் தெரியாதவர்கள் நடுவில் உன் விஷயத்தைப் போட்டு உடைத்தது நான்தானே? என்னை மன்னித்துவிடு.

கடைக்காரர் நல்ல மனிதர். ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னார். தலை சுற்றினால் பிரஷர் இறங்கியிருக்கலாம், தண்ணீரைக் குறைக்கவே கூடாது, உடனே டாக்டரைப் பார்த்து ரத்தத்தில் பொட்டாசியமும் பார்க்க வேண்டும், மாத்திரையின் அளவையோ நேரத்தையோ அவர் மாற்றித் தரக்கூடும், எதுவாக இருந்தாலும் அவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்றார்.

வெளியே வந்தேன். வரிசையில் நின்ற ஒரு பெண் பின்னாலேயே வந்தாள். நாற்பது வயதிருக்கும், கையில் ஒரு பள்ளிக்கூடத்து விடைத்தாள் கட்டு. "அண்ணா, இதுக்கு எந்த டாக்டரைப் பார்க்கணும்?" என்று கேட்டாள். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஹார்மோன் டாக்டர் என்றேன். கர்ப்பம் விஷயத்தையும் சொன்னேன். அறிமுகமில்லாத பெண்ணிடம் அதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது, சொல்லாமல் விட்டால் தப்பு என்று சொன்னேன். அவள் மாத்திரையின் பெயரை அந்த விடைத்தாள் கட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னாள். "பதினேழு வருஷமா வீட்ல எல்லாரும் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி எழுந்திருச்சு, கதவைச் சாத்திக்கிட்டு சவரம் பண்ணிக்கறேன். எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. உங்க வீட்டம்மா குடுத்து வெச்சவங்க" என்றாள்.

வண்டிக்கு வந்து ஏறி உட்கார்ந்ததும் நம் வீட்டுக் குளியலறைதான் நினைவுக்கு வந்தது.

கல்யாணமான புதிது. நான் குளியலறைக் கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தேன். நீ பின்னால் வந்து எட்டிப் பார்த்தாய். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே பிளேடு போதும் போலிருக்கே" என்றேன். நீ சிரித்தாய். ஒன்றுக்கு ஒன்பது திருப்பிச் சொல்கிறவள், அன்றைக்கு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. என் ஜோக் அவ்வளவு நன்றாக இருந்தது என்று நினைத்துக்கொண்டேன், மடையன். மறுநாளிலிருந்து நான் வீட்டில் இருக்கிற நாளெல்லாம் நீ எனக்கு முன்னால் எழுந்தாய். தூக்கத்தில் தாழ்ப்பாள் சத்தம் கேட்கும், புரண்டு படுத்துக்கொள்வேன். என் மனைவி விடியும் முன்பே எழுந்து குளித்துவிடுவாள் என்று லாரி ஸ்டாண்டில் நாலு பேரிடம் பெருமை அடித்திருக்கிறேன். ஆறு வருஷம். சோடாபுட்டி உன் தாடையைப் பார்ப்பதற்கு எத்தனையோ நாள் முன்னால் நான் பார்த்துச் சொல்லிவிட்டேன். அவனை இரண்டு பக்கம் திட்டினேன். அவனாவது சம்பளத்துக்கு வைத்திருக்கிற மேனேஜர், நான் யார்?

இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தில் ஒரு வரியை அடித்திருப்பதைப் பார்த்திருப்பாய். காலையில் மருந்துக் கடைக்குப் போவதற்கு முன்னால், மாத்திரையை நிறுத்தாதே என்று எழுதியிருந்தேன். வண்டிக்குத் திரும்பி வந்ததும் அதை அடித்துவிட்டேன். உன் முகத்துக்கு உத்தரவு போட ஏற்கெனவே ஆள் அதிகம். தண்ணீர் குடி, அது ஒன்றுதான் என் உத்தரவு. திங்கட்கிழமை கடைக்குப் போகாமல் டாக்டரம்மாவிடம் போ. உனக்கு வேண்டுமென்றால் மாத்திரையைத் தொடர். வேண்டாமென்றால் அவரிடம் சொல்லிவிட்டு விட்டுவிடு, முடி திரும்பி வந்தால் வரட்டும். எதைச் செய்தாலும் சோடாபுட்டிக்காகச் செய்யாதே, அம்மாவுக்காகச் செய்யாதே, எனக்காகவும் செய்யாதே. தாளில் கையெழுத்துக் கேட்டால், டாக்டரம்மாவிடம் ஒரு சீட்டு வாங்கி அவன் மேசையில் வைத்துவிட்டு, அவனை அதில் கையெழுத்துப் போடச் சொல். வேலை போனால் போகட்டும். கண்ணாடி மாட்டத் தெரிந்த கைக்கு வேறு கடை கிடைக்காமலா போகும்?

சரக்கு இறக்கியதும் நேராக வீட்டுக்குத்தான் வருகிறேன். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் வந்துவிடுவேன். மறுநாள் உனக்கும் விடுமுறை. உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அன்றைக்கு எனக்கு முன்னால் எழுந்துவிடாதே. விழிப்பு வந்தாலும் அப்படியே படுத்திரு. நன்றாக விடியட்டும், நான் கண்ணைத் திறக்கும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் குறட்டைக்காரன்