நான் நேராக்கிய கோடுகள்

உலகக் காற்றையெல்லாம் கணினிக்குள் அடைத்த மருமகளே,

அர்ஜென்டினாவின் தென்கோடியில், இந்த ரியோ கிராந்தேயில் நேற்று அடித்த காற்று என் தொப்பியை அண்டார்க்டிகாவுக்கு அனுப்பிவிட்டது. மற்றபடி சுகம்.

ஆந்தீஸ் மலையில் மோதி மேலெழும் காற்றலைகள் உன் காலநிலை மாதிரியின் கட்டங்களுக்குள் சிக்காத பொடிசுகள் என்றாய். வானிலை நிலையத்தில் நான் பறக்கவிட்ட பலூன்களின் பதிவுகளில் அவை இல்லவே இல்லை என்று திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்கப்போகிறாயாம்.

மூன்று கெண்டி மாத்தே தேநீர் குடித்தும் இதை எழுதத் தொடங்கவில்லை. உன் அத்தை நெலீதா, "யோவ், புள்ள மானம் போறதுக்குள்ள எழுதித் தொலை!" என்கிறாள்.

பலூன் ஏறும்போது பதிவுத்தாளில் கோடு நெளியும். கருவிதான் குடிகாரன்போல் ஆடுகிறது என்று நினைத்து, இருபது வருடமாக எல்லா நெளிவையும் நானே நேராக்கி அனுப்பினேன். அழகாக இருக்கட்டுமே என்று!

அலை அந்த நெளிவில்தான் இருந்தது, கண்ணு. ஏட்டைக் கொடுக்காதே. யார் பிழை என்று கேட்டால் என் பெயரைக் கொட்டை எழுத்தில் போடு.

உன் மாமா