முனியாண்டியின் அழுகை

ஆகஸ்ட் 1, சனி

புகைமூட்டம். எங்கள் ஊர் மெர்லிமாவ் வரைக்கும் எரிந்த வாசனை. வெளியே துணி காயப்போடவில்லை என்று அம்மா போனில் சொன்னாள். அது ஒரு செய்தி.

வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியவை: உப்பு பிஸ்கட், அப்பாவுக்கு முழங்கால் தைலம், அம்மாவின் கண்ணாடி. தைலம் மறந்தேன்.

பெட்ரோல் நிலையத்தில் ஒரு பெண்மணி. "முனியாண்டிதானே? நேர்ல ரொம்ப ஒல்லியா இருக்கீங்க லா. எங்க, பிள்ளைக்கு ஒரு தடவ அழுது காட்டுங்க." போனை நீட்டினார். அழுது காட்டினேன். பிள்ளை சிரித்தது. நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

என் பெயர் லோகேஸ்வரன். எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும்.

முனியாண்டி யார் என்றால்: டிவி தொடரில் வரும் பார்சல் கம்பெனியின் ஸ்டோர் கீப்பர். ஏர்கான் ஒழுகுவதால் ஆபீசுக்குள்ளேயே குடை பிடிப்பவன். மெஷின்களுக்குப் பெயர் வைத்து, வெள்ளிக்கிழமை திருநீறு பூசுபவன். பழசு எதையாவது தூக்கிப் போட்டால் அழுவான். ஓடாத சீலிங் காத்தாடிக்கு அழுதான். சுவர்க் கடிகாரத்துக்கு அழுதான். மானேஜருக்குக் காதல், முதலாளிக்குக் கடன், முனியாண்டிக்கு அழுகை. பங்கு பிரித்தாயிற்று.

அந்த அழுகை நடிப்பில்லை. நடிகர் தேர்வுக்குப் போன அன்று ஒன்றும் வரவில்லை. பல்கலைக்கழகத்தில் மௌன நாடகம் போட்டவன். பார்த்தவர்களை ஒரே வேனில் ஏற்றிவிடலாம். கடைசியில் என் சொந்த அழுகையை அழுதேன். வாய் திறக்கும். சத்தம் வராது. அப்புறம் தொண்டைக்குள் குக், குக், குக். ஸ்டார்ட் ஆகாத மோட்டார் சைக்கிள். சிறு வயதிலிருந்து அப்படித்தான். மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் விழுந்து சிரித்தார்கள். வேலை கிடைத்தது.

இரவு அப்பா நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். முனியாண்டி வாயைத் திறந்ததும் கையை நீட்டி, "சோக்க இழுடா. சோக்க இழு." சிறு வயதில் நான் அழுதால் இதைத்தான் சொல்வார். என் காதை மெல்ல இழுப்பார், மோட்டாரில் சோக் இழுக்கிற மாதிரி. அதோடு அழுகை நின்றுவிடும்.

இன்றைக்கு டிவியைப் பார்த்துச் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

தெங்கேரா. இங்கே வாடகைக்கு எடுத்த பழைய கடைவீடுதான் தொடரில் எங்கள் ஆபீஸ். மாதக் கடைசியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் கடைசிக் காட்சி: போட்டோஸ்டேட் மெஷினை லோரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மெஷினின் பெயர் ராணி. முனியாண்டி குடையோடு பின்னால் ஓடி, அழ வேண்டும்.

டைரக்டர் குணா அண்ணனிடம் கேட்டேன். பல நாளாகக் கேட்க நினைத்தது.

"அண்ணே, ஒரே ஒரு சீன்ல முனியாண்டி ஒரு மனுசனுக்காக அழட்டுமே. அவனுக்கு ஒரு அப்பா வைங்களேன்."

"சைட் கேரக்டருக்கு எதுக்குடா அப்பா?" நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னார். "அவனுக்கு வீடு இருக்குன்னு காட்டிட்டா அப்புறம் எவனும் சிரிக்க மாட்டான்."

உண்மை. அவர் முட்டாள் இல்லை. அதுதான் கஷ்டம்.

மேக்கப் ஜெசிந்தா அக்கா என் மீசையைச் சீவிவிட்டார். "நீ ஏன்டா எப்பவும் சாவு வீட்டுக்குப் போற மாதிரியே ஷூட்டிங்குக்கு வர்ற?"

மாலையில் மருந்துக் கடை. தைலம் வாங்கியாயிற்று.

ஆகஸ்ட் 6, வியாழன்

மழை இல்லை. காலை ஷூட்டிங். போன் மௌனத்தில். எடுத்துப் பார்த்தபோது அம்மாவிடமிருந்து நிறைய அழைப்புகள்.

நெஞ்சு வலிக்கிறது என்றாராம். மோட்டாரில் தானே ஓட்டிக்கொண்டு கிளினிக் போயிருக்கிறார். மோட்டாரை ஸ்டாண்ட் போட்டு, பூட்டி, ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, வராண்டாவில் உட்கார்ந்தவர்.

அப்பா இல்லை.

தைலம் என் பையில்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

எழுதினால் நாளை படிக்கலாம். இல்லாவிட்டால் இன்று நடந்தது இன்றோடு போய்விடும். இரண்டில் எது நல்லது என்று தெரியவில்லை.

கூடாரம். உருமி. பிளாஸ்டிக் நாற்காலிகள். அப்பா செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டிய காலத்து ஆட்கள் தோட்டத்துத் தூசி படிந்த சட்டையோடு வந்தார்கள், பாதி வேலையில். யாரோ என் தோளைத் தட்டினார்கள். திரும்பினேன். "தம்பி, சங்கடமான நேரம்தான். வீட்டுக்காரி உங்க ஃபேன். சும்மா பக்கத்துல நின்னா போதும், சிரிக்க வேணாம்." நின்றேன். அவரும் சிரிக்கவில்லை. அந்த அளவுக்கு மரியாதை.

குணா அண்ணனிடமிருந்து செய்தி. ஆழ்ந்த அனுதாபம். கீழே இன்னொன்று: "தம்பி, தப்பா நினைக்காத. முடிய, மீசைய மட்டும் எடுக்காம பார்த்துக்க. ராணி சீன் பாக்கி இருக்கு."

சரோஜா அத்தை, அப்பாவின் தங்கை, பக்கத்திலேயே நின்றாள். "என்னா யோசிக்கிற? தலைமகன். எடுத்துத்தான் ஆவணும்."

எடுத்தார்கள். தலை, மீசை. கண்ணாடியில் யாரோ.

சுடலையில் தோளில் குடம். சுற்றி வரும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் ஓட்டை. முதுகில் தண்ணீர் வழிந்தது. திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாகப் போடச் சொன்னார்கள். போட்டேன். உடைந்தது. அப்போதுதான் வந்தது. வாய் திறந்தது. தொண்டைக்குள் ஒன்று: குக்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். சின்னச் சிரிப்பு. கையால் வாயைப் பொத்திக்கொண்ட சிரிப்பு. யார் என்று பார்க்க முடியாது, திரும்பக்கூடாது.

கெட்ட எண்ணம் இல்லை என்று தெரியும். தும்மல் மாதிரி வந்திருக்கும் அவர்களுக்கு. வாரா வாரம் அந்தச் சத்தத்துக்குச் சிரித்துப் பழகியவர்கள்.

விழுங்கிவிட்டேன். அதற்குப் பிறகு வரவே இல்லை. தகன மெஷினின் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன்.

ஆகஸ்ட் 8, சனி

உம்பாய் கடற்கரை. காலையிலேயே அஸ்தி கரைக்க. புகையில் கடலும் வானமும் ஒரே நிறம். மீன் சுடும் கடைகள் திறக்கவில்லை. படகுக்கார மலாய்க்காரர் மெதுவாக ஓட்டினார். பானை தண்ணீரில் இறங்கியதும் அவராகவே இன்ஜினை நிறுத்தினார். வரும்போது கேட்டார், "Abang pelakon, kan?" அண்ணன் நடிகர்தானே என்று. மொட்டைத் தலையிலும் கண்டுபிடித்துவிட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நேற்றிலிருந்து பார்த்தவர்களில் அப்படி விட்டவர் இவர் ஒருவர்தான்.

மீதி நாள் முழுக்க வீட்டில். அடுப்படியில் அத்தையின் குரல். மெதுவாகப் பேசுவதாக நினைப்பு.

"டிவில ஓடாத காத்தாடிக்கெல்லாம் தேம்பித் தேம்பி அழுவுறான். பெத்த அப்பனுக்கு ஒரு சொட்டு இல்ல."

அம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம்.

இரவு தொடர் வரும் நேரம். யாரும் டிவியைப் போடவில்லை. அப்பாவின் நாற்காலி சுவர் ஓரத்தில், யாரோ மடித்த பாய் ஒன்றை அதன்மேல் வைத்திருந்தார்கள். எடுத்துக் கீழே வைத்தேன்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

முயன்று பார்த்தேன். குளியலறையில். தண்ணீரைத் திறந்துவிட்டு.

வாய் திறந்தது. ஆனால் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். முகவாய் சரியான கோணத்தில் இருந்தது. கேமராவுக்கு நல்ல பக்கம். மூடிவிட்டேன்.

அப்பாவுக்கு என்று வைத்திருந்த ஒரே அழுகை. அதை வாடகைக்கு விட்டிருக்கிறேன்.

வெளியே அம்மா. "தண்ணி எவ்வளோ நேரமாடா ஓடுது?"

அப்பாவின் மோட்டாரைக் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்தேன். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது.

ஆகஸ்ட் 13, வியாழன்

எட்டாம் நாள். படைப்பு. மாலையில் தூறல், புகை கொஞ்சம் தணிந்தது.

வாழை இலையில்: கோழிக்கறி, கருவாட்டுச் சம்பல், அவித்த முட்டை, பால் விடாத கோப்பி ஓ, ஸ்டவுட் பீர் ஒரு போத்தல், உப்பு பிஸ்கட். அத்தை வெற்றிலையை அடுக்கிவிட்டு, "எல்லாம் ஆச்சா அண்ணி? அண்ணனுக்குப் புடிச்சது எதுவும் விட்டுப் போவல?" என்றாள்.

அம்மா அப்பாவின் படத்தைப் பார்த்தாள். "ஒண்ணு பாக்கி இருக்கு."

என்னைப் பார்த்தாள். "லோகா, டிவிய போடு. அந்தக் காத்தாடி கத வருமே, அத வை."

"அண்ணி, சாவு வீட்டுல..."

"அவருக்குப் புடிச்சத வைக்கணும்னு நீதானே சொன்ன."

வைத்தேன். என் கையால். பழைய எபிசோடுகளில் தேடி. அப்பாவின் நாற்காலியை அம்மா டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டாள், அவர் போடும் இடத்தில். சூடம் காட்டி, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். அவர் வந்து சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் உள்ளே யாரும் இருக்கக்கூடாது.

கூடாரத்தின் கீழே நின்றோம். தகரத்தில் தூறல். உள்ளே முனியாண்டி பேசிக்கொண்டிருந்தான். குடை விரியும் சத்தம். மானேஜரின் வசனம். டேப்பில் பதிந்த சிரிப்பு. ஆளில்லாத அறையில் ஒரு நாற்காலிக்காக ஒரு கூட்டமே சிரித்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பிறகு அமைதி. எல்லோருக்கும் தெரியும், இப்போது அவன் வாயைத் திறந்திருக்கிறான்.

குக். குக். குக்.

கதவைப் பார்த்தபடியே அம்மா சொன்னாள். மெதுவாக. "சோக்க இழுடா."

அத்தை முதலில் சிரித்தாள். தோள் குலுங்க, முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு. அப்புறம் சித்தப்பா. அப்புறம் எல்லோரும். அம்மாவும். சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் கண்ணீர் வழிந்தது. ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டார்கள்.

எனக்கு மட்டும் எதுவும் வரவில்லை. சிரிப்பும். என் அழுகை உள்ளே இருந்தது, அப்பாவோடு. நான் கதவுக்கு வெளியே.

அத்தை என் கையைப் பிடித்தாள். "நான் அன்னிக்கி சொன்னத மனசுல வச்சுக்காத தம்பி."

கதவைத் தட்டிவிட்டுத் திறந்தோம். கோப்பி ஆறியிருந்தது. திரையில் அடுத்த எபிசோடு தானாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

குணா அண்ணன் போன். கடைவீட்டுக்காரர் அவசரப்படுத்துகிறாராம். பதினாறு முடியட்டும் என்றேன். "புரியுதுடா. ஆனா லோரியும் நாளைக்கு மட்டும்தான் கெடைக்கும்."

அம்மாவிடம் கேட்டேன். "போயிட்டு வா. அவரு இருந்தா போவச் சொல்லியிருப்பாரு." பிறகு, "தலைக்கு என்னா பண்ணுவ?"

விக் வைப்பார்கள் என்றேன். சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

ஆகஸ்ட் 17, திங்கள்

வெயில். புகை இல்லை. தெங்கேரா முழுக்கக் கண் கூசும் வெளிச்சம்.

விக் அரிக்கிறது. ஜெசிந்தா அக்கா மேல் உதட்டில் கோந்து தடவி மீசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். "அப்பாவுக்காக கோயில்ல ஜெபம் பண்ணேன் தம்பி. பேசாத, ஒட்டல." அவர் விரல் என் மூக்குக்குக் கீழே. இந்தப் பத்து நாளில் என்னை இவ்வளவு நேரம் யாரும் தொடவில்லை.

கிளிசரின் வேண்டுமா என்று கேட்டார். கண்ணீருக்கு எப்போதும் அதுதான், கன்னத்தில் இரண்டு சொட்டு. வேண்டாம் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

காட்சி. ராணியை இரண்டு பேர் தள்ளிக்கொண்டு போய் லோரியில் ஏற்றினார்கள். பழைய லோரி. டிரைவர் சாவியைத் திருப்பினார். டீசல் புகை என் முகத்தில் அடித்தது. தோட்டத்திலிருந்து வந்ததும் அப்பாவின் சட்டை இந்த வாசனைதான் அடிக்கும். கதவுக்குப் பின்னால் மாட்டுவார்.

குடையோடு ஓடினேன். நின்றேன். வாய் திறந்தது.

வெகுநேரம் சத்தமே வரவில்லை. எழுதிக் கொடுத்ததைவிட அதிக நேரம். பிறகு வந்தது. குக். நிற்கவில்லை. கண், மூக்கு, எல்லாம். முட்டி போட்டேன், அது காட்சியில் இல்லை. காதை யாராவது இழுப்பார்கள் என்று நினைத்தேனா? நினைத்தேன். எழுதிவிட்டேன், போகட்டும்.

"கட்."

பெரிய சிரிப்பு. நிமிர்ந்தேன். மீசை ஒரு பக்கம் பிய்ந்து வாயில் தொங்கியது. கண்ணீரில் கோந்து கரைந்துவிட்டது.

குணா அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். சிரித்ததால். "பின்னிட்டடா. ஆனா மீசை போச்சு. ஆவாது. இன்னொரு டேக்."

"அண்ணே, இதையே வச்சுக்க முடியாதா?"

"மீசை இல்லாம முனியாண்டியா?"

ஜெசிந்தா அக்கா சிரிக்கவில்லை. ஈரத்தைத் துணியால் ஒற்றினார். "போதும்டா. ஈரமா இருந்தா ஒட்டாது." காகிதத்தால் விசிறினார். முகம் காய்ந்தது. மீசை ஒட்டியது. கன்னத்தில் கிளிசரின், இரண்டு சொட்டு.

இரண்டாம் டேக் சரியாக வந்தது. சரியான நேரம், சரியான கோணம். எல்லோரும் கைதட்டினார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் கேமராமேனிடம் கேட்டேன், அந்த முதல் டேக் இருக்கிறதா, ஒரு தடவை பார்க்கலாமா.

"அதுவா? கார்டுல எடம் இல்ல தம்பி. அப்பவே அழிச்சாச்சு."

நல்லது. அதை யாரும் பார்த்துச் சிரிக்கப் போவதில்லை.